காட்டுக்கு அயலவரே காவலர்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி இறம்பொடையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மழைக்காடுகளைக் காப்பதற்கு உல்லாசப் பிரயாணம் உதவுமா என்பதுபற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டுமென்று சங்கத்தார் பணித்திருக்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம்போலத் தோன்றலாம். உல்லாசப் பிரயாணம் என்றால் வெள்ளைக்காரர் வருவதும் ஹோட்டல் முதலாளிகள் பணம் சேர்ப்பதும் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். காடு என்றால் அது அரசாங்கத்தின் சொத்து, வனக்காவலரின் தலைவலி என்று விட்டுவிட்டோம். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நமது லயங்கள் நிற்கின்றன. மேலே காடு, கீழே வீதி, இடையில் தேயிலையும் நாமும்.

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வண்டிகள் நம் ஊரைக் கடந்தே செல்லவேண்டும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்க்காமல் போகிறவர் அரிது. 2001ஆம் ஆண்டில் சின்மயா மிஷனார் இங்கே பக்த ஹனுமான் ஆலயத்தை எழுப்பிய பின்னர், இராமாயணத் தலங்களைத் தரிசிக்க இந்தியாவிலிருந்து வருவோரும் பெருகியிருக்கிறார்கள். இத்தனை பேர் வந்து போவதில் நமது பங்கு யாது? சோளம் அவித்து விற்கிறோம். நம் பிள்ளைகள் சிலர் ஹோட்டல்களில் பாத்திரம் கழுவுகிறார்கள், அறை கூட்டுகிறார்கள். வந்தவர்கள் போன பிறகு ஓடையில் மிதக்கும் பிளாஸ்ரிக் போத்தல்களும் சோற்றுப் பார்சல் சுற்றிய தாள்களும் நமக்கு மிஞ்சுகின்றன. அருவிக்கு நீரூட்டும் காட்டுக்கு என்ன போய்ச் சேருகிறது என்று எவரும் கேட்பதில்லை.

அருவி வானத்திலிருந்து நேரே விழுவதன்று. மலைத்தலையிலுள்ள காடுகள் மழைநீரை மட்டுமா பிடிக்கின்றன? மூடுபனியையும் பிடிக்கின்றன. பனிமூட்டம் கிளைகளிலும் பாசியிலும் படிந்து, துளித்துளியாகச் சொட்டி, பஞ்சுபோன்ற மண்ணில் இறங்குகிறது. அம்மண் அதனைச் சேமித்து வைத்து, மழையற்ற நாள்களிலும் ஊற்றுகளுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. அந்த நீரே ஓடையாகி, அருவியாகி, 1985இல் கட்டி முடிக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைந்து, மின்சாரமாகவும் மகாவலியின் பாய்ச்சல் நீராகவும் தூரத்து வயல்களுக்குச் செல்கிறது. நமது பீலியில் வரும் தண்ணீரும், நாம் ஒருபோதும் கண்டிராத ஒரு கமக்காரனின் நெல்லும் ஒரே காட்டுக்குக் கடன்பட்டவை.

அந்தக் காட்டுக்கு நேர்ந்தது என்ன? 1820களில், நம் வீதியில் கீழேயுள்ள கம்பளைக்கருகில் சின்னப்பிட்டியாவில் கோப்பித் தோட்டம் போடப்பட்டது. அதன்பின் மலை மலையாகக் காடு விழுந்தது. கோப்பி 1869இல் இலைநோய் கண்டு அழிந்தது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோடரி பிடித்த கைகளில் நம் முன்னோரின் கைகளும் இருந்தன. கட்டளை துரையுடையது, இலாபம் கம்பெனியுடையது, வியர்வை நம்முடையது. 1873இல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர், உயர்ந்த மலைகளிலுள்ள காடுகளை அழிக்கவிடலாகாது என்று ஆலோசனை கூறினார். அதன் பயனாக 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டு நிலத்தை விற்பது தடுக்கப்பட்டது. இன்று நம் மலைகளின் உச்சியில் எஞ்சியிருக்கும் காட்டுத் தொப்பிகளுக்குப் பெரிதும் அந்தத் தடையே காரணம். இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1881இல் நிலப்பரப்பில் நூற்றுக்கு 84 பங்கு காடாக இருந்ததென்பர். 2010 அளவில் அது 30 பங்குக்கும் குறைந்துவிட்டது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்திருக்கமாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலைநாடு பட்ட பாட்டையும் கண்டோம். காடு இருந்தால் மலை சரியவே சரியாது என்று சொல்ல நாம் துணியமாட்டோம். பெருமழைக்கு முன் காட்டு மலையும் சில வேளை சரியும். ஆயினும் ஆழ வேரோடிய மரம் நிற்கும் சரிவுக்கும், மரம் வெட்டி வடிகால் அடைபட்டுக் கிடக்கும் சரிவுக்கும் உள்ள வேற்றுமையைத் தோட்டத்துக் கிழவர் எவரும் எடுத்துரைப்பர். முதலில் புதையுண்டு போவது யாருடைய வீடு என்பதையும் அவர்கள் அறிவர்.

எஞ்சிய காட்டைக் காப்பதற்கு அரசாங்கங்கள் நெடுங்காலம் கைக்கொண்ட வழி ஒன்றே. வேலி போடு, காவலனை நிறுத்து, உள்ளே வந்தவனைப் பிடித்து வழக்குப் போடு. சட்டம் வேண்டாம் என்று எவரும் கூறார். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டுக்கு நாலைந்து காவலர், அதன் ஓரத்தில் விறகுக்கும் கறிக்கும் வழியில்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் என்றால், வேலி எத்தனை நாளைக்கு நிற்கும்? 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில், மலைநாட்டில் மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டு, சிகிச்சை பலிக்காமல் இறந்தது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் சிறுத்தைக்கென்று வைக்கப்படுவனவல்ல. காட்டுப் பன்றிக்கு வைக்கப்படுவன. பன்றி கிழங்குப் பாத்தியைக் கிளறுகிறது, அதன் இறைச்சியோ விலைபோகிறது. சுருக்கு வைத்தவனைத் தண்டிப்பது எளிது. சுருக்கு வைக்கத் தேவையில்லாத நிலையை உண்டாக்குவதுதான் கடினம்.

அந்தக் கடினமான காரியத்தை ஓரளவு செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. நம்மிடையே மதுரைச் சீமையிலிருந்து கடல் கடந்து வந்தோரின் வழிவந்தவர் பலர் இருக்கிறீர்கள். மதுரைக்கு மேற்கே, கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் மலையில் தேக்கடி இருக்கிறது. 1895இல் அங்கே பெரியாற்றுக்குக் குறுக்கே அணை கட்டித் தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். கம்பத்து வயல்கள் அதனால் விளைகின்றன. அணையைச் சூழ்ந்த காடு 1978 முதல் புலிகள் காப்பகமாக இருக்கிறது. அதன் இன்றைய பரப்பு 925 சதுர கிலோமீற்றர்.

இந்தக் காட்டில் வயணம் என்று ஒரு மரம் உண்டு. அது நம் கறுவாவின் இனத்தைச் சேர்ந்த காட்டு மரம். அதன் பட்டைக்குச் சந்தையில் நல்ல விலை. எல்லையோர ஊராகிய குமுளியைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட ஆடவர்கள் கூட்டமாக உள்ளே புகுந்து, மரத்தை வீழ்த்திப் பட்டையை உரித்து, சுமந்து விற்று வாழ்ந்தார்கள். காட்டிலே நாட்கணக்கில் தங்குவர், வேட்டையும் ஆடுவர். வனக்காவலருக்கும் அவர்களுக்கும் இடையில் ஓயாத ஒளிந்து பிடிக்கும் ஆட்டம். அவர்களுள் வழக்கில்லாதவர் அரிது. காவலருக்குத் தெரியாத தடங்கள் அவர்களுக்குத் தெரியும். எந்த ஊற்றில் எந்தப் பருவத்தில் யானை இறங்கும் என்பதும் தெரியும்.

1996இல் உலக வங்கியின் துணையோடு இந்திய அரசாங்கம் சில காப்பகங்களில் ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டோர மக்களைக் குழுக்களாக்கி, காட்டை அழிக்காத பிழைப்புக்கு வழிசெய்து, பதிலுக்குக் காவலில் அவர்களைப் பங்காளிகளாக்குவது அதன் நோக்கம். பெரியாற்று அதிகாரிகள் செய்த துணிகரமான காரியம் என்னவெனில், நல்லவர்களை மட்டும் தேடிப் போகாமல், வயணப்பட்டைக்காரரையும் அழைத்துப் பேசினார்கள். நீண்ட பேச்சுக்குப் பிறகு அவர்கள் பழைய தொழிலை விட்டு ஒரு குழுவாக அமைந்தார்கள். அக்குழுவின் பெயரிலேயே "முன்னாள் வயணப்பட்டை சேகரிப்போர்" என்று வெளிப்படையாக இருக்கிறது. வெட்கப்பட்டுப் பழமையை மறைக்கவில்லை.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன தெரியுமா? அவர்கள் ஏற்கெனவே செய்து வந்ததுதான்: காட்டுக்குள் நடப்பது. இப்போது அவர்களோடு கூட ஒரு சிறு கூட்டம் பிரயாணிகளும், துப்பாக்கி தாங்கிய ஒரு வனக்காவலரும் நடக்கிறார்கள். ஓரிரவோ ஈரிரவோ காட்டில் கூடாரமிட்டுத் தங்கி, பழைய கடத்தற் பாதைகளிலே சென்று திரும்புகிறார்கள். சமையலும் இவர்களே, வழிகாட்டுவதும் இவர்களே. பிரயாணி கொடுக்கும் பணத்திலிருந்து இவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது. பிரயாணியோடு நடக்கும்போதே காவலும் நடந்துவிடுகிறது. புதிதாக வெட்டிய மரம் இருந்தாலும், அந்நியரின் அடிச்சுவடு இருந்தாலும் இவர்களுடைய கண்ணுக்குத் தப்பாது. களவுக்குப் பயன்பட்ட அறிவே காவலுக்கு முதலாயிற்று.

அங்கே வாழும் மன்னான், பளியர் என்னும் பழங்குடியினரின் கதை நமக்கு இன்னும் கிட்டியது. இவர்களும் தமிழோடு ஒட்டிய மொழி பேசுவோரே. தங்கள் சிறு நிலங்களில் மிளகு வைத்திருந்தார்கள். ஆனால் விளைச்சலுக்கு முன்பே வியாபாரிகளிடம் கடன் வாங்கி, கொடியிலிருக்கும் மிளகை அற்ப விலைக்கு அடகு வைத்துவிடுவார்கள். கடன் தீராது. தீராத கடனுக்காகக் காட்டில் கை வைப்பார்கள். திட்டக்காரர் முதலில் செய்த வேலை பிரயாணிகளை அழைத்து வருவதன்று. குழுவின் மூலம் கடனை மீட்டு, மிளகை நியாயமான விலைக்கு விற்க வழிசெய்ததே. அதன் பின்னரே அவர்களுடைய வாலிபர்கள் வழிகாட்டிகளாகவும் மூங்கில் தெப்பம் ஓட்டுபவர்களாகவும் பழகினார்கள். தோட்டக் கடைக் கணக்கும் கைமாற்றும் நகை அடகும் அறிந்த நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். கடனில் மூழ்கியவனிடம் போய்க் காட்டின் பெருமை பேசுவது வீண் வேலை.

இன்னொரு செய்தி. குமுளிப் பக்கத்துப் பெண்கள் 2002ஆம் ஆண்டு முதல் "வசந்த சேனை" என்னும் பெயரில், முறை வைத்துச் சிறு குழுக்களாகக் காட்டோரத்தைச் சுற்றி வருகிறார்கள். இதற்குக் கூலி இல்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து சந்தன மரங்களைக் காக்கிறார்கள். மனிதர் பணத்துக்காக மாத்திரமே காட்டைக் காப்பர் என்போர் இந்தப் பெண்களுக்கு என்ன பதில் சொல்வர்? வருவாய் கதவைத் திறந்தது உண்மை. உள்ளே வந்த பின்னர் "இது எங்கள் காடு" என்னும் எண்ணம் பிறந்தது. அந்த எண்ணம் பிறக்காதவிடத்தில் எவ்வளவு பணம் கொட்டினாலும் பயனில்லை என்பதே நமது கருத்து.

அதே காப்பகத்தின் மேற்குப் பகுதியில்தான் சபரிமலை இருக்கிறது. ஐயப்ப பக்தர் நடந்து செல்லும் காட்டைப் பூங்காவனம் என்பர். ஆண்டுதோறும் இலட்சோப இலட்சம் பேர் அவ்வழி செல்லும்போது காட்டின் நிலை என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். விறகுக்காக மரம் வெட்டப்பட்டது, குப்பை மலையாகக் குவிந்தது. அங்கேயும் வெளியூர் வியாபாரிகளுக்குப் பதிலாகக் காட்டோர மக்களின் குழுக்களிடம் வழிக்கடைகளை ஒப்படைத்து, விறகுக்குப் பதில் எரிவாயுவைப் பயன்படுத்தச் செய்தார்கள். கூட்டம் குறைந்தபாடில்லை, குப்பையும் முற்றாக ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் கடை போடவேண்டியவன் அந்த இடத்தை நாசமாக்கத் தயங்குவான் அல்லவா? நாமும் சிவனொளிபாத மலைப் பருவத்தை அறிந்தவர்கள். யாத்திரிகரின் பக்தியும் அவர்கள் வீசியெறியும் போத்தலும் ஒரே படிக்கட்டில் ஏறுவதைக் கண்டிருக்கிறோம்.

நிற்க. நமது நாட்டில் இத்தகைய முயற்சி இல்லையா என்று கேட்பீர்கள். சிங்கராஜ வனம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக அங்கே இயந்திரங்கள் கொண்டு மரம் வெட்டினார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்து, அப்பத்தாண்டு முடியுமுன்னரே வெட்டு நிறுத்தப்பட்டது. 1988இல் அது உலக மரபுரிமைக் காடாயிற்று. காட்டோரச் சிங்களக் கிராமத்தார் கித்துள் சீவியும் பிரம்பு வெட்டியும் வாழ்ந்தவர்கள். காட்டுக்குள் செல்வோர் வழிகாட்டி ஒருவரை அழைத்துச் செல்லவேண்டும் என்று விதி வந்தது. அவ்வழிகாட்டிகள் அயற் கிராமங்களின் பிள்ளைகள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும், பறவையின் குரலைக் கேட்டமாத்திரத்தில் இன்னதென்று சொல்லி, வெளிநாட்டு அறிஞரை வியக்க வைக்கிறார்கள். கித்துள் கருப்பட்டியும் நல்ல விலைக்குப் போகிறது. ஆனால் அங்கேயும் ஒரு குறை தோன்றியிருக்கிறது. காடு புகழடைந்ததும் காட்டோர நிலத்துக்கு விலை ஏறியது, வெளியூர்ப் பணக்காரர் விடுதிகள் கட்டினர். வழிகாட்டுவது கிராமத்தானின் பங்கு, வாடகை விடுதிக்காரனின் பங்கு. இந்தப் பிரிவினை வளர்ந்தால் "எங்கள் காடு" என்னும் எண்ணம் நிலைக்குமா என்பது சந்தேகந்தான்.

பிரயாணிகளை அளவின்றி அழைப்பதும் ஆபத்தே. தேக்கடி ஏரியிலேயே 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். காட்டு நடைக்குச் சிறு கூட்டமே போதும் என்று விதித்த அதே இடத்தில், ஏரியில் பெரும் படகு நிறைய ஆட்களை ஏற்றியது. எண்ணிக்கையைப் பார்த்து மகிழும் புத்தி எங்கும் உண்டு.

இனி நம் ஊருக்கு வருவோம். தேக்கடியாருக்கும் சிங்கராஜக் கிராமத்தாருக்கும் இருந்த ஒன்று நமக்கு இல்லை. அவர்களுக்குச் சொந்தமாகத் துண்டு நிலமாவது இருந்தது. நாமோ இருநூறு ஆண்டுகளாக இம்மலையில் உழைத்தும், 7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்டுக் காத்திருப்பவர்கள். லயத்து அறை நமதன்று. ஆகவே அதில் ஒரு விருந்தினரைத் தங்கவைத்துச் சம்பாதிக்கவும் தோட்ட நிருவாகத்தின் தயவு வேண்டும். காணியற்றவனைப் பார்த்துக் காட்டைக் காவல் செய் என்பது ஒரு வகையில் பரிகாசமே. எனவே காட்டுப் பேச்சு எடுக்கப்படும் ஒவ்வொரு மேடையிலும் காணி உறுதிப் பேச்சையும் நாம் எடுக்கவேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள் என்று பிறர் சொன்னால் நம்பலாகாது.

அதுவரை கைகட்டி இருப்பதா? வேண்டியதில்லை. நடப்பதற்குக் காணி உறுதி தேவையில்லை, அறிவதற்கும் தேவையில்லை. நம் மலைக்காட்டில் மஞ்சட் காதுள்ள சின்னான் குருவி இருக்கிறது. உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் அதனைக் காணமுடியாது. அதைப் பார்ப்பதற்கென்றே கடல் கடந்து வருவோர் உண்டு. நம்மில் எத்தனை பேர் அதனை இன்னதென்று அறிவோம்? கொழுந்து மலையில் நாள் முழுதும் நிற்கும் நம் தாய்மார்களுக்கு எந்தச் செடி எந்த நோய்க்கு உதவும், எந்தக் குருவி எந்த மாதத்தில் கூடு கட்டும் என்பது தெரியும். ஆனால் அதை ஒருவரும் கேட்டு எழுதவில்லை. முதல் வேலை இதுவாக இருக்கட்டும். எழுதுவது தமிழில் இருக்கட்டும், வந்தவருக்குச் சொல்வதற்குச் சிங்களமும் ஆங்கிலமும் கற்றுக்கொள்வோம்.

விறகு விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. கவ்வாத்து நடக்கும் காலத்தில் கிடைக்கும் மிலாறு ஒரு குடும்பத்துக்குக் கணிசமாக உதவும். அதை ஒழுங்காகப் பகிர்ந்து, உலர வைத்துச் சேமித்தால், காட்டுத் தொங்கலுக்குக் கத்தியோடு போகவேண்டிய நாள்கள் குறையும். சுருக்குக் கம்பி விஷயத்தில் பெரியவர்கள்தாம் வாய் திறக்கவேண்டும். யார் வைக்கிறார் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியமே. அவரைப் பொலிசில் பிடித்துக் கொடுப்பதற்கு முன், தேக்கடியில் செய்ததுபோல, முதல் வழிகாட்டியாகப் பெயர் எழுதிக்கொள்ள முடியுமா என்று யோசிக்கலாம். அவரைவிட நன்றாகக் காடு தெரிந்தவர் வேறு யார்?

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பிரயாணிகள் வந்தால் அவர்களுக்கு நம் கலைகளைக் காட்டவேண்டும் என்பார்கள். தப்பு முழக்கத்தைக் கேட்கட்டும், ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுப் போகட்டும், அதில் தவறில்லை. ஆனால் காமன் கூத்து மாசியில் விரதமிருந்து ஆடுவது. அதைப் புரட்டாசியில் ஒரு ஹோட்டல் முற்றத்தில் அரைமணி நேரம் ஆடச் சொன்னால் மறுத்துவிடவேண்டும். பார்க்க விரும்புவோர் மாசியில் வந்து, நம்மோடு கண்விழித்திருந்து பார்க்கட்டும்.

பணம் வந்தால் சண்டையும் வரும். ஆகையால் முதற் சதம் வருவதற்கு முன்பே கணக்குப் புத்தகம் வரவேண்டும். வழிகாட்டிக்கு எவ்வளவு, சமைத்த வீட்டுக்கு எவ்வளவு, பொதுப் பெட்டிக்கு எவ்வளவு என்று எழுதி, ஆலய முன்றலில் மாதந்தோறும் வாசிக்கவேண்டும். கையெழுத்து இடுவோரில் பாதிப்பேர் பெண்களாயிருக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இதைச் சொன்னவுடன் பின்வரிசையில் சில மீசைகள் அசைவதைக் காண்கிறோம், பரவாயில்லை. பொதுப் பெட்டியில் சேர்வதை எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க்கூட்டமே தீர்மானிக்கட்டும். காட்டோரத்தில் நம் நாட்டு மரங்களை நடுவதா, பிள்ளைகளின் மாலை வகுப்புக்கு விளக்கு வாங்குவதா என்று அங்கே வாதாடலாம்.

காடு வனத் திணைக்களத்தின் பொறுப்பு, பாதை தோட்டக் கம்பெனியினது. இருவரிடமும் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஒருவரையும் மேலே அழைத்துச் செல்லலாகாது. திணைக்களத்துக்கு அனுப்பவேண்டிய மனுவின் நகலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வாசிகசாலை வாசலில், குருவிகளின் பெயர் எழுதப் போகும் வாலிபர்கள் கூடுவார்கள். மழை பெய்தால் குடையோடு வரலாம், அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுவருவது நல்லது.